புகைமூட்டத்தில் ஒரு பரீட்சை வாரம்

வசுந்தராவுக்கு உட்காரவே தெரியாது. பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் தோசையைக்கூட வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடியே தின்று முடிப்பாள். பிறந்த நாளிலேயே காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வந்தவள் என்று அம்மா குணபூசணி அலுத்துக்கொள்வார். அரசாங்க வேலையில் போய் அமரச் சொல்லிச் சொந்தமெல்லாம் ஓதிப் பார்த்தது. அவள் யார் பேச்சையும் கேட்காமல் கட்டடம் வரையப் போனாள்.

காஜாங் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு அவள் வரைந்த கட்டடம் சாதாரணப்பட்டதல்ல. வருடம் முழுக்கத் தான் செலவழிக்கும் மின்சாரத்தைவிட அதிகமாகக் கூரையிலிருந்து அது தர வேண்டும். முதல் வருடம் தந்து காட்டினால் வளாகத்தின் மற்ற கட்டடங்களும் அப்படியே எழும்பும். தராவிட்டால் பழையபடி கண்ணாடிப் பெட்டிகள்தான். நிர்வாகக் குழுவிடம் மார்தட்டிச் சொன்ன பேச்சு இது. அதனால் மண்டபங்களுக்குப் பெரிய சன்னல்களும் விசிறிகளும் வைத்தாள். ஆத்திர அவசரத்துக்கென்று ஏர்கான் இருந்தது. அவள் சொல்லாமல் யாரும் அதைத் தொடக்கூடாது.

வருடம் முடியப் போகும் நேரத்தில், பரீட்சை வாரம் பார்த்து, கடலுக்கு அப்பால் காடுகள் எரிந்த புகைமூட்டம் வந்து கவிழ்ந்தது. வெயில் மங்கியதால் கூரை தந்த மின்சாரம் குறைந்தது. புகைக்குப் பயந்து சன்னல்களையும் அடைத்தார்கள். ஏர்கான் போடலாமா என்று கட்டட மேற்பார்வையாளர் கன்னையா தினமும் போன் செய்தார். மழை வந்துவிடும், பொறுங்கள் என்று அவள் தினமும் தட்டிக்கழித்தாள். பிறகு மனசு கேட்காமல் தானே காரை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த மண்டபத்தில் அவள் நடக்காத மூலையில்லை. கைதட்டி எதிரொலி பார்த்திருக்கிறாள், சன்னலோரம் காகிதம் பிடித்துக் காற்று பார்த்திருக்கிறாள். ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. பரீட்சை நடக்கும் இடத்தில் உலாத்தக் கூடாதென்று கண்காணிப்பாளர் கடைசி நாற்காலியைக் காட்டினார். விசிறி அனல் காற்றையே சுற்றிச் சுற்றி விட்டது. முன்னால் ஒரு பையன் விடைத்தாளில் விழுந்த வியர்வையைத் துடைக்கப்போய் எழுத்தெல்லாம் மையாய் இழுபட்டது. அவளுக்கு மூச்சு முட்டியது. வெளியே ஓடி, காருக்குள் ஏறி, ஏர்கானை முழுதாகத் திருப்பி முகத்தை நீட்டிய பிறகுதான் தான் செய்தது உறைத்தது. இந்தப் பிள்ளைகள் எந்தக் காருக்கு ஓடுவார்கள்? வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. கன்னையாவுக்கு போன் போட்டாள்.

“ஏர்கானை ஆன் பண்ணிடுங்கண்ணே.”

“கொஞ்ச நாள்தான் மேடம் இருக்கு. இப்ப போட்டா கணக்கு போயிடும்லா.”

“போகட்டும். போடுங்க.”

முகப்புக் கூடத்துக்குத் திரும்பி வந்தாள். அங்கே திரையில், கூரை தந்ததில் செலவு போக மிச்சமென்று பச்சையில் நின்றிருந்த எண் இறங்கி இறங்கி, அவள் கண் முன்னாலேயே சிவப்பானது. இந்தப் புகையில் அதை மீட்க வழியில்லை. அடுத்த கட்டடங்களும் அதோடு போயின. அவள் அங்கேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

பரீட்சை முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். எம்.ஆர்.டி. ரயிலின் குளிருக்குப் பையில் வைத்திருந்த தடித்த சட்டையை மாட்டியிருந்த ஒரு மாணவி, அவளை ஆபீஸ் ஆள் என்று நினைத்து நின்றாள்.

“ஆன்டி, உள்ள ரொம்ப குளிருது. நாளைக்குக் கொஞ்சம் கொறைச்சு வைக்கச் சொல்றீங்களா?”

“சொல்றேம்மா,” என்றாள் வசுந்தரா. கன்னையாவைத் தேடிப் போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.