பனி லைட்டும் பந்தல் ஆணியும்

கோத்தகிரி டாக்சி ஸ்டாண்டில் டக்ளஸைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான்: "அவன் வண்டியில ஏறினா ரயிலும் தப்பாது, பூசையும் தப்பாதுங்க." அந்தப் பேரைக் காப்பாற்ற மனுசன் காய்ச்சலோடுகூட வண்டி எடுத்திருக்கிறான்.

காருக்கு அவன் காற்றுப் பிடிப்பது கீழே மேட்டுப்பாளையத்தில், நல்ல வெயிலில். மேலே வந்து ராத்திரிப் பனியில் நின்றால் டயரில் காற்று சுருங்கும். காலையில் சாவியைத் திருப்பியதும், டயரில் காற்று குறைவு என்று காட்டும் மஞ்சள் விளக்கு எரியும். மலை டிரைவர்கள் அதற்குப் பேரே வைத்துவிட்டார்கள், பனி லைட்டு என்று. வண்டி ஓடி டயர் சூடேறினால், கீழே இறங்கும் வழியிலுள்ள அரவேணு தாண்டுவதற்குள் அணைந்துவிடும். இறங்கிப் பார்க்கச் சோம்பல்பட்டு வைத்த செல்லப்பேர், வேறென்ன!

அலீனாவைக் கல்யாணத்துக்கு ஏற்றிப்போன அன்றும் விளக்கு எரிந்தது. மாப்பிள்ளை ஊர் மேட்டுப்பாளையம், கல்யாணப் பூசையும் அங்கே சர்ச்சில்தான். அதற்கடுத்து அதே சர்ச்சில் இன்னொரு கல்யாணம். "பொண்ணு நேரத்துக்கு வரலைன்னா சாயங்காலம்தான்" என்று பாதர் கறாராகச் சொல்லியிருந்தார். அலீனாவின் அம்மா ஜெனிஸ், புருசன் போனபின் ஒத்தை ஆளாய் மகளை வளர்த்தவள், முன்சீட்டில் நெருப்பின்மேல் உட்கார்ந்ததுபோல் இருந்தாள்.

"அது என்ன தம்பி, மஞ்சளா எரியுது?"

"பனி லைட்டுங்கக்கா. பயப்படாதீங்க."

அரவேணு போயிற்று. விளக்கு அணையவில்லை. காற்றில் சூடு ஏறியது, அப்போதும் அணையவில்லை. ஸ்டியரிங் மெல்ல இடப்பக்கம் இழுத்தது. டக்ளஸ் பிரேக்கை ஓங்கி மிதிக்கவில்லை. கியரைக் குறைத்து, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, வேகத்தை அடக்கினான்.

"ஏன் தம்பி மெதுவாப் போறீங்க? நிறுத்தாதீங்க! கீழே போய்ப் பாத்துக்கலாம்!"

"கீழேதாங்கக்கா போவோம். எப்படிப் போவோம்னு தெரியாது."

வளைவில் நிறுத்தாமல், அதைத் தாண்டி ரோடு அகன்ற இடத்தில் ஓரங்கட்டினான். நாலு விளக்கையும் மினுக்கவிட்டான், ஹேண்ட் பிரேக் போட்டான், சக்கரத்துக்குக் கல் கொடுத்தான்.

"எல்லாரும் இறங்கி மலைப்பக்கமா நில்லுங்க. பள்ளத்துப் பக்கம் வேண்டாம்."

ஜெனிஸ் வாய்க்கு வந்தபடி திட்டினாள். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி அலீனா அழுதாள். டக்ளஸ் காதில் வாங்காமல் ஜாக்கி போட்டான். டயரின் உள்பக்கம் கிழிந்து கம்பி தெரிந்தது. நடுவில் ஓர் ஆணி. நல்லவேளை, ஸ்டெப்னியில் காற்று சரியாக இருந்தது.

ஆணியைப் பிடுங்கி ஜெனிஸிடம் காட்டினான். ஆணித்தலையில் சிவப்புப் பிளாஸ்டிக் வில்லை. முந்தின நாள் அவள் வீட்டு வாசலில் பந்தல்காரர்கள் அடித்த அதே ஆணி. ஜெனிஸ் ரோட்டின் அடுத்த வளைவைப் பார்த்தாள். அதற்கப்பால் வெறும் ஆகாயம். ஆணியை வாங்கிக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

சர்ச் வாசலில் பாதர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த கல்யாணக் கூட்டம் உள்ளே உட்கார்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா சீறினாள்: "நல்ல டிரைவர் பிடிச்சீங்க! நேரத்துக்குக் கொண்டாரத் தெரியாதா?"

டக்ளஸ் தலையைக் குனிந்துகொண்டான். இத்தனை வருசப் பேர் அந்த வாசலில் போயிற்று.

ஜெனிஸ் அவனுக்கு முன்னால் வந்து நின்று, உள்ளங்கையை விரித்து ஆணியைக் காட்டினாள்.

"நிறுத்தாதேன்னு நாந்தான் கத்துனனுங்க. இவர் நிறுத்துனாரு. அதனாலதான் சாயங்காலமாச்சும் கட்டிக் கொடுக்க எனக்குப் பொண்ணு இருக்குது."