அரிஷ்டம் குடித்த காலை

எனக்குச் சரியான தடிமன், மூக்கடைப்பும் இருமலும். வேலைக்குப் புறப்பட்டுக் கதவடியில் நின்றபோது மாமி, என் கணவரின் தாய், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அரிஷ்டத்தில் இரண்டு மூடி வார்த்து நீட்டினார்.

"மருந்துதானே பிள்ளை, குடி."

மடக்கென்று விழுங்கிவிட்டுக் காரை எடுத்தேன்.

எங்கள் பிராண்டே நகரைத் தாண்டுவதற்குள் பொலிஸ் மறித்தது. குடித்திருக்கிறார்களா என்று பார்க்க வருகிற எல்லாரையும் மெஷினில் ஊதச் சொன்னார்கள். நானும் பயமில்லாமல் ஊதினேன். விருந்து வீட்டில் பியர் போத்தல் கழுவக்கூட முகம் சுளிக்கிறவள் நான். மெஷின் கத்தியது.

என்ன குடித்தீர்கள் என்று கேட்டான் அந்த இளம் பொலிஸ்காரன். மருந்து என்றேன். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. இன்றைக்கும் அந்தச் சிரிப்புக்கு ஒரு அறை விடவேண்டும் போலிருக்கிறது. அரிஷ்டத்திலும் மதுசாரம் உண்டு என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் உறைத்ததில்லை.

நிலையத்துக்குக் கொண்டுபோய் இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை லைசென்ஸ் தங்களிடம் இருக்கட்டும் என்று அவன் கையை நீட்டினான். எத்தனையோ தரம் கோட்டைவிட்டு, அழுது, போன வருடம்தான் எடுத்த லைசென்ஸ். முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கிற வேலை எனக்கு. கார் ஓட்டாவிட்டால் வேலை இல்லை. எடுத்துக் கொடுத்தேன். கைப்பைக்குள் வேலைத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அன்று நான் முதலில் போகவேண்டிய வீட்டில், என்னை எதிர்பார்த்துக் கட்டிலில் கிடக்கும் கிழவிக்கு நான் என்ன சொல்வது?

கூட்டிப்போக என் கணவர் வந்தார். பயப்படாதே என்பார், கையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். கிட்ட வந்து குனிந்தார்.

"எங்கை, ஒருக்கால் ஊதும் பாப்பம்."

அந்தப் பொலிஸ்காரனுக்கு முன்னால்!

"உங்களுக்கென்ன விசரே?" என்றேன். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

முடிவு வரட்டும், பிறகு பார்ப்போம் என்று வேலையிடத்து மேலதிகாரி என்னை வீட்டில் இருத்திவிட்டார். தபால்காரரின் வண்டிச் சத்தம் கேட்டாலே யன்னலடிக்கு ஓடுவேன். மாமி அரிஷ்டப் போத்தலை எங்கோ ஒளித்துவிட்டார்.

கடைசியில் இரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்தது. வாயில் நின்ற மருந்துதான் மெஷினில் பட்டதாம். வேலை தப்பியது. லைசென்ஸும் தபாலில் வந்தது. கணவர்தான் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"இந்தாரும். இப்ப சந்தோசம்தானே?"

நான் கையை நீட்டவில்லை.

"ஊதிப்போட்டு வாங்கவோ?" என்று கேட்டேன்.