மூடியில் பெயர் இல்லை

ஆஸ்பத்திரி லேபில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்க்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? நோயாளிகளின் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்குகள் சின்னச் சின்ன பாட்டில்களில் அவளிடம் வரும். அவள் பக்குவப்படுத்திக் கொடுப்பாள், டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். அவர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் அடிப்பதும் அவள்தான். அதில் தவறாமல் ஒரு வார்த்தை வரும்: ஸ்க்ரூட்டினைஸ். துருவித் துருவிப் பார்ப்பது.

அது எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் அகராதியைப் புரட்டினாள். லத்தீனில் ஸ்க்ரூட்டா என்றால் கந்தல், உடைசல், குப்பை. அதைக் கிளறித் தேடுவதிலிருந்து பிறந்த வினைச்சொல் என்று போட்டிருந்தது. அவளுக்கு முகம் சுண்டிப்போனது. "இவ்வளவு படிச்சது குப்பையைக் கிளறவா, டாக்டர்?" என்று சண்டைக்கே போனாள்.

இன்று அதைத்தான் செய்கிறாள். ஒரு பையனுக்கு மண்டையில் துளை போட்டு எடுத்த துணுக்கு, கடுகில் பாதிகூட இருக்காது. பாட்டிலைத் திறந்தபோது வெறும் தண்ணீர்தான் இருந்தது. மூடியைக் கழிவுப் பையிலும் பாட்டிலை வேறு பக்கமும் வீசிவிட்டு, காலி பாட்டில் வந்திருக்கிறது என்று போன் போட்டாள்.

"என் கையால போட்டேன்மா!" என்று ஆபரேஷன் டாக்டர் கத்தினார். "மறுபடி குத்தினா பையன் தாங்க மாட்டான்."

அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு சின்னது மூடியின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். மூடியை அவள் பார்க்கவே இல்லை. பூதக்கண்ணாடியாம், பூதக்கண்ணாடி!

கழிவுப் பையைத் தரையில் கொட்டி மண்டியிட்டாள். ரத்தப் பஞ்சு, கிழிந்த கையுறை, மூடி, மூடி, மூடி. ஜன்னலுக்கு வெளியே, விஷயம் கேட்டு ஓடிவந்த பையனின் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா பாரும்மா. நானும் வந்து தேடட்டுமா?"

"நீங்க தொடக்கூடாதும்மா. நான் தேடுறேன், எப்படியாவது தேடித் தரேன்."

ஒரு மூடியின் ஓரத்தில் வெளுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தாள். சதைத் துணுக்கேதான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பார்த்து வெளியே அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவள் மூடியைத் திருப்பினாள். பெயர் எழுதுவது பாட்டிலில்தான். மூடியில் யாரும் எழுதுவதில்லை. காலையிலிருந்து திறந்த அத்தனை பாட்டிலுக்கும் இதே வெள்ளை மூடி. இது அந்தப் பையனுடையதாக இருக்கலாம், வேறு யாருடைய மிச்சமாகவும் இருக்கலாம்.

"என் பிள்ளையோடதுதானே? சொல்லும்மா."

ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. திரும்பவும் பார்த்தாள். எவ்வளவு பார்த்தாலும் அது வெறும் வெள்ளை மூடி.

"தெரியலைம்மா," என்றாள்.

கும்பிட்ட கையை இறக்க அந்த அம்மாவுக்குத் தோன்றவில்லை.