சர்வருக்கு ஒரு அறை

மாமா தன் புது வீட்டு மாடியில் சர்வருக்கென்று தனி அறை ஒதுக்கியிருக்கிறார், அதில் ஏசி வைக்கப் போகிறார் என்று கேட்டபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ஏனென்றால் என் அப்பாதான் சர்வர்.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு சைவ ஓட்டலில் அப்பாவுக்கு வேலை. விடியும் முன்னே போவார். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்ததும் தச்சநல்லூர் வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் படுப்பார். மறுபடி போய்விடுவார். எங்கள் வீடு பல குடும்பங்கள் குடியிருந்த ஒரு வளவுக்குள் இருந்த ஒற்றை அறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அப்பா படுக்கிற அந்த இரண்டு மணி நேரம்தான் கூரைக்கும் உச்சி நேரம். நெஞ்சில் ஈரத் துண்டை விரித்துக்கொண்டு படுப்பார். கொஞ்ச நேரத்தில் துண்டு காய்ந்து மொடமொடவென்று ஆகிவிடும். நான் எடுத்துப் போய் நனைத்துக்கொண்டு வருவேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் நான் போகவும் இல்லை. அந்தச் சித்திரையில் ஒருநாள் அப்பா சாம்பார் வாளியோடு ஓட்டலுக்குள்ளேயே மயங்கி விழுந்தார். உடம்புச் சூடுதான் காரணம், பகலில் குளிர்ச்சியான இடத்தில் படுக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் விழுவார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா வீட்டுக்கு வந்து கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மாமா பம்பாயிலிருந்து வந்திருந்தார். அம்மாவின் தம்பி. அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர், இனிமேல் ஊரிலிருந்தே அந்த வேலையைச் செய்யப் போவதாகச் சொல்லி, எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டை வாங்கியிருந்தார். தெருவில் யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் இல்லாத காலம். மாமா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் அம்மா, "டைப்படிக்கான்" என்பாள்.

ஒருநாள் மாமா எங்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே அம்மாவிடம் பேசினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். யாராவது வந்தால் என் இடம் அதுதான்.

"மாடி ரூம் சர்வருக்குக்கா. மொதல்ல ஏசி போடணும். ராவும் பகலும் ஓடிக்கிட்டே இருக்கும்லா, வெக்க தாங்காது. சூடு ஏறிச்சின்னா அப்படியே படுத்துரும். பொறவு எல்லாரு சோலியும் கெட்டுப்போவும்."

"நீ செஞ்சா சரியாத்தான் செய்வ தம்பி," என்றாள் அம்மா. அவள் கவனம் அடுப்பில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் பிரியமானவர்களையும் பாவப்பட்டவர்களையும் 'அது' என்றுதான் சொல்வோம். அப்பா வரும், அப்பா போகும், அப்பா பாவம் என்ன செய்யும். ஓடிக்கொண்டே இருக்கும், வெக்கை தாங்காது, படுத்துவிடும் என்று மாமா சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஒவ்வொரு சொல்லும் அப்பாவுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

அன்று மதியம் அப்பாவிடம் சொன்னேன். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏசியா?"

"ஆமாப்பா. சர்வருக்குத்தான்னு சொல்லிச்சி. சூடு ஏறுனா படுத்துருமாம்."

"உங்க மாமாவா சொன்னான்?"

"அம்மாகிட்ட சொல்லிச்சி. என் காதால கேட்டேன்."

அப்பா துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அம்மாகிட்ட நீ ஒண்ணும் கேக்காதலே. அவன் வாயால சொல்லட்டும். நாமளா கேட்டா நல்லாருக்காது," என்றார்.

அதன்பின் அப்பா கொஞ்சம் மாறிப்போனார். சோப்புப் போட்டுக் குளித்தார். மாமாவுக்குக் கொடு என்று ஓட்டலிலிருந்து வாழையிலையில் கட்டிய அல்வாவை என்னிடம் தந்தனுப்பினார். ஒருநாள் நான் ஓட்டலுக்கு அவருடைய மாற்றுச் சட்டையைக் கொண்டுபோனபோது டீ மாஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, ஒங்க அப்பனுக்கு மச்சினன் ஏசி ரூம் கெட்டுதானாமே!" பிறகு அப்பாவைப் பார்த்து, "இனி நாங்கள்லாம் ஒம்ம கண்ணுக்குத் தெரிவமா வே?" என்றார்.

"சும்ம கெடயும் வே," என்றார் அப்பா. ஆனால் சிரித்தார். அப்பாவுக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

மாமா வீட்டு மாடியில் வேலை மும்முரமாக நடந்தது. ஜன்னல்களை அடைத்தார்கள். சுவரெல்லாம் ஒயர் ஓடியது. வெளிச்சம் கண்ணில் குத்தக்கூடாது, பல்பு வெளியே தெரியக்கூடாது, நீலமாக இருக்க வேண்டும் என்று மாமா ஒரு தாளில் படமே வரைந்து வைத்திருந்தார். அந்த வேலையை எடுத்தவர் சுற்றுவட்டாரக் கோயில் கொடைத் திருவிழாக்களுக்கெல்லாம் லைட் போடுகிற அண்ணாச்சி. டியூப் லைட்டுகளில் நீலக் கண்ணாடித்தாளைச் சுற்றி, பலகைக்குப் பின்னால் ஒளித்துவைத்து, மாமா கேட்டபடியே செய்து முடித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். திறப்பு விழாவுக்கு முந்தின நாள், யாரும் கேட்காமலே வாசலுக்கு மேல் சிவப்புப் பல்புகளால் 'சர்வர் அறை' என்று எழுதி, சுற்றிலும் மஞ்சள் பல்புகள் ஓடும்படி செய்துவிட்டார்.

மாமா அதிர்ந்துபோய் நின்றார். "அண்ணாச்சி, இது என்ன அம்மன் கோயில் கொடையா?"

"தெறப்பு விழான்னு சொன்னியள்லா தம்பி? மொட்ட வாசலா இருந்தா நல்லாவா இருக்கும்? ஒரு நாள் கெடக்கட்டும்."

நான் கீழே நின்று அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். அதுவரை பல்பில் எழுதி நான் பார்த்தது சாமி பெயர் மட்டும்தான்.

மறுநாள் காலையில் அப்பா வேலைக்குப் போகவில்லை. எனக்கு நினைவு தெரிந்து கொடைக்குக்கூட விடுப்பு எடுக்காத மனிதர். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, எங்களுக்கு முன்னால் நடந்தார். மாமா வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். பம்பாயில் மாமாவோடு வேலை பார்த்த இரண்டு பேரும் வந்திருந்தார்கள், பளபளப்பான ஷூ போட்டுக்கொண்டு. மாமா அவர்களிடம் அப்பாவைக் காட்டி, "எங்க அத்தான். ஓட்டல் தொழில்ல இருக்காங்க," என்றார். அவர்கள் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அப்பா கையை வேட்டியில் ஒருமுறை துடைத்துவிட்டுக் கொடுத்தார்.

எல்லாரும் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு மாடிக்கு ஏறினோம். மாமா கதவைத் திறந்தார்.

குளிர் வந்து முகத்தில் அடித்தது. அருவிக்குப் பக்கத்தில் நிற்பது போல இருந்தது, ஆனால் தண்ணீர் இல்லை. நாலு சுவரிலும் நீலம் பரவியிருந்தது. எல்லார் முகமும் நீலமாக இருந்தது. நான் கட்டிலைத் தேடினேன். கட்டில் இல்லை. பாயும் இல்லை. நடு அறையில் அரை ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதன் நெற்றியில் பச்சைப் புள்ளிகள் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன.

"இதான் சர்வர்," என்றார் மாமா.

அம்மா தட்டில் சூடத்தோடு முன்னே வந்தாள். "அக்கா, பொகை ஆகாது அதுக்கு," என்று மாமா தடுத்தார். "அப்ப சந்தனமாவது வைக்கேன்," என்று அவள் பெட்டிக்குப் பொட்டு வைத்தாள்.

ஆள்கூட்டத்தில் நான் வாய் திறந்ததே கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதற்கே வாத்தியார் என்னை இரண்டு தரம் கூப்பிடுவார். அன்று என்னை அறியாமல் கத்தினேன்.

"அப்ப எங்க அப்பா எங்கன படுக்கும்?"

யாருக்கும் விளங்கவில்லை. "என்னலே சொல்லுத?" என்றார் மாமா.

"சர்வருக்குத்தான் ஏசின்னு நீங்கதான சொன்னிய? எங்க அப்பாதான சர்வரு?"

யாரோ ஒரு அத்தை பக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், அறையே சிரித்தது. லைட் அண்ணாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பம்பாய்க்காரர்களில் ஒருவர் மற்றவருக்கு விளக்கிச் சொல்ல, அவரும் சிரித்தார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அந்த நீல வெளிச்சத்திலும் அவர் முகம் வெளுத்தது தெரிந்தது. அம்மா தட்டைப் பிடித்தபடி அப்பாவையே பார்த்தாள்.

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அப்பாதான்.

"சரியாத்தானலே கேட்டிருக்க! அதுவும் சர்வரு, நானும் சர்வரு!" என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்கிப் போனார். திரும்பி வரும்போது இடது கையில் விரலிடுக்குக்கு ஒன்றாகக் காப்பி தம்ளர்கள், வலது கையில் இன்னும் நாலு. ஓட்டலில் கொண்டுவருகிற அதே மாதிரி. "காப்பி யாருக்கு? ஸ்ட்ராங் ஒண்ணு, சீனி கம்மி ஒண்ணு!" என்று ராகமாகக் கூவினார். கூட்டம் கைதட்டியது. என் அப்பாவுக்கு இத்தனை பேர் கைதட்டி நான் பார்த்ததில்லை. அழுகை வரப்போன எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மாமா ஓடிவந்து தம்ளர்களைப் பிடுங்கப் பார்த்தார். "அத்தான், நீங்க உக்காருங்க அத்தான்."

"சோலி நேரத்துல சர்வர் உக்காரக் கூடாது மாப்ள," என்றார் அப்பா. கடைசி ஆள் வரைக்கும் அவர்தான் கொடுத்தார்.

மறுநாள் அப்பா வேலைக்குப் போனார். மதியம் அவர் வந்து படுத்ததும் மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வராமல், கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அத்தான், மத்தியானம் மாடியில வந்து படுங்க. எடம் கெடக்கு. ஒரு பாய் விரிச்சாப் போதும்."

"இருக்கட்டும் மாப்ள. அதுக்கு எடஞ்சலா இருக்கும்."

"ஒரு எடஞ்சலும் இல்ல அத்தான்."

"எனக்கு இது பழகிட்டு. நீங்க சோலியப் பாருங்க."

மாமா, "நீயாவது வாலே," என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அப்பாமேல் கோபமாக வந்தது. ஆசைப்பட்டது கிடைக்கிறபோது வேண்டாம் என்று சொல்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

அன்று மதியம் அந்த அறையில் நான்தான் தூங்கினேன். அப்பா வேலைக்குக் கிளம்பும் முன் ஓடிவந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தரை தண்ணீர்ப் பானையின் வயிறு போல இருந்தது என்றேன். என் கையே நீலமாக, வேறு யார் கையோ போலத் தெரிந்தது என்றேன். பல் கிட்டித்தது, மாமா போர்வை போர்த்திவிட்டார், சித்திரை மாதத்தில் போர்வை என்றேன்.

அப்பா ஈரத் துண்டோடு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "பொறவு?" என்றார்.

பெட்டி குறட்டை விடுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறது என்றேன்.

"பொறவு?"

அவருக்கு என் கதை அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்தேன். சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகும், இல்லாததையெல்லாம் சேர்த்து, அந்த அறையை இன்னும் இன்னும் குளிராக்கிச் சொல்லிக்கொண்டே போனேன்.