அப்பாவின் பெயரைக் கொடுத்தவள்

நான் மோர்மன் என்ற கிறிஸ்தவச் சபையில் சேர்ந்தபோது அம்மாவுக்கு முதலில் வந்த கவலை தேத்தண்ணியைப் பற்றியது. பத்தொன்பது வயதில் ஞானஸ்நானம் பெற்று வந்து, இனித் தேத்தண்ணியும் கோப்பியும் குடிக்க மாட்டேன் என்று அறிவித்தேன். அம்மா கேத்திலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "தேத்தண்ணி குடிச்சால் உங்கட கடவுளுக்குக் கோவம் வருமோ?"

"விடும்," என்றார் அப்பா. "குடி இல்லை, சிகரெட் இல்லை. டென்மார்க்கில வளர்ந்த பிள்ளை, இதைவிட என்ன வேணும் உமக்கு?"

அப்பா ஹேர்னிங் நகரில் ஒரு துணித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். சாமி அறையில் திருநீறு பூசிக்கொண்டு, ஞாயிறு காலையில் என்னைச் சபைக்குக் காரில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். வாசலில் நிற்கும் எல்லோருக்கும் கை காட்டுவார். ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. வரச் சொல்லி நான் நச்சரிக்காத வாரமும் இல்லை.

எங்கள் சபையில் வம்சாவளி தேடுவது பெரிய வேலை. செவ்வாய்க்கிழமைகளில் அதற்கென்றே இருந்த சின்ன அறையில் நான் தட்டச்சு செய்வேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பழைய கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர், எனக்குச் சத்தமாக வாசிப்பார். அப்படித்தான் ஒரு பெண்ணின் குறிப்பேடு எங்கள் கைக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் ஒரு பண்ணையில் வேலைக்காரியாக இருந்தவள். என் வயதுதான்.

விடியமுன் மாடு கறந்து, பால் கலன்களைக் கழுவி, ஞாயிறுகளில் சபைக் கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் நடந்திருக்கிறாள். மரச் செருப்போடு நடந்து, நகர எல்லையில் நல்ல சப்பாத்துக்கு மாறுவாளாம். மோர்மன்காரி என்று பண்ணையில் மற்ற வேலைக்காரிகள் அவளோடு ஒரே மேசையில் சாப்பிட மறுத்திருக்கிறார்கள். அமெரிக்கா போவதென்று அவள் முடிவு செய்ததும் தகப்பன், போனால் திரும்பி வராதே என்று சொல்லிவிட்டார். "இன்று அப்பா துறைமுகத்துக்கு வரவில்லை" என்பது ஒரு நாளின் முழுக் குறிப்பு. பிறகு யூட்டாவில் யாரோ வீட்டுச் சமையலறை, வெயில், பீட்ரூட் வயல், கல்யாணம். பல வருடம் கழித்துத் தகப்பன் இறந்த செய்தி கடிதத்தில் வந்தபோது, அவருக்காக ஆலயத்தில் ஞானஸ்நானம் செய்வித்திருக்கிறாள். இறந்தவருக்குப் பதிலாக உயிரோடிருக்கும் ஒருவர் தண்ணீரில் மூழ்குவது எங்கள் வழக்கம். "பக்கத்து வீட்டுத் தச்சர் அப்பாவுக்காக நின்றார். என் மனம் ஆறியது," என்று எழுதியிருந்தாள்.

அந்த வரியைத் தட்டும்போது அழுதேன். தச்சரை நான் கவனிக்கவே இல்லை.

நான் நர்சிங் படிப்பை முடித்த குளிர்காலத்தில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. சடங்கு செய்ய வந்த ஐயர் ஓல்போர்க்கிலிருந்து வந்தவர், காலம் தெரிந்த மனிதர். "பொம்பிளைப் பிள்ளையும் செய்யலாம். அவருக்கு நீர்தானே இருக்கிறீர்," என்றார். அம்மா என்னைப் பார்த்தார். அவர் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. அன்று கேட்டார்.

"பிள்ளை, கொப்பாவுக்கு நீ ஒருக்கால் செய்துவிடு. பிறகு நான் உன்னை ஒண்டும் கேக்கமாட்டன்."

"என்னால ஏலாதம்மா. என்ர நம்பிக்கைக்கு அது சரிவராது."

செய்யாதே என்று சபையில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் பிஷப்பிடம் கேட்டேன். அவர் பகலில் மர யன்னல் விற்பவர், பொறுமைசாலி. "அது உன் குடும்பத்துக்கும் உனக்கும் இடைப்பட்டது. தகப்பனை வழியனுப்பினால் கடவுள் கோபிக்க மாட்டார்," என்றார். அவரைவிடப் பெரிய மோர்மனாக இருப்பதில் எனக்கு அப்படி ஒரு வெறி. கொள்ளி வைக்கும் கடமை பிரெடெரிசியாவில் இருந்த பெரியப்பாவின் மகனுக்குப் போனது. கோயில் நிர்வாகத் தெரிவில் தொடங்கிய சண்டையில் ஆறு வருடம் அப்பாவோடு முகம் பார்க்காத அண்ணை. வந்தார், வேட்டி கட்டினார், அரிசி போட்டார், விம்மி விம்மி அழுதார். நான் கறுப்புக் கோட்டோடு கடைசி வாங்கில் விருந்தாளி மாதிரி இருந்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு பேர் ஒரு வருடத்துக்காகக் காத்திருந்தோம். அம்மா, வருடம் முடியச் செய்யும் ஆட்டைத் திவசத்துக்காக. நான், இறந்து ஒரு வருடமானால்தான் ஒருவரின் பெயரை ஆலய ஞானஸ்நானத்துக்குக் கொடுக்கலாம் என்ற விதிக்காக. அம்மா நாள்காட்டியில் திதியை வட்டமிட்டார். நான் தொலைபேசியில் திகதியைக் குறித்தேன். ஒரே சமையலறையில் இருந்துகொண்டு இருவரும் ஒரே மனிதருக்காக நாள் எண்ணினோம், ஒருவருக்கொருவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சபையின் இணையப் படிவத்தில் பெயர் கொடுக்கும்போது ஒரு கேள்வி வரும். கடந்த நூற்றுப்பத்து வருடத்துக்குள் பிறந்தவர் என்றால் மிக நெருங்கிய உறவின் அனுமதி வேண்டும். கணவனோ மனைவியோ உயிரோடிருந்தால் அவர்களின் விருப்பம்தான் முதல். நெருங்கிய உறவு நானும்தானே என்று எனக்கு நானே வக்கீலானேன். கேட்டால் அம்மா மறுப்பார் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. அனுமதி உண்டு என்ற கட்டத்தில் அழுத்தினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை.

திவசம் முடிந்த பத்தாம் நாள் கோபன்ஹேகனுக்கு ரயில் ஏறினேன். ஆலயத்தில் வெள்ளை உடையோடு என்னை ஓரத்தில் உட்காரச் சொன்னார்கள். ஆணுக்காக ஆண்தான் மூழ்கவேண்டும். அது எனக்குப் புதிதில்லை, நானே புதிதாக வந்தவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். ஆனாலும் வழி நெடுக, ஏதோ நானே அப்பாவுக்காக இறங்கப் போவதுபோல மனம் துள்ளிக்கொண்டு வந்திருந்தது. இறங்கியவர் ஒரு டெனிஷ் பஸ் சாரதி. நல்லவர், என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவின் நீண்ட பெயரைச் சொல்ல முடியாமல், ஞானஸ்நானம் கொடுத்தவர் இரண்டு தரம் நின்றார். மூன்றாம் தரம் ஒருமாதிரிச் சொன்னார். தண்ணீர் மூடி, விலகியது. சாரதி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மனம் ஆறியது என்றுதான் நானும் நினைத்தேன். வீட்டுக்கு வந்த சூட்டோடு அம்மாவிடம் சொல்லியும் விட்டேன். பரிசு கொண்டுவந்த பிள்ளைபோல நின்று சொன்னேன். இது ஒரு அழைப்பு மட்டும்தான், அப்பா விரும்பினால் ஏற்கலாம், விரும்பாவிட்டால் விடலாம் என்று விளக்கமும் கொடுத்தேன்.

அம்மா நிதானமாகக் கேட்டார்: "ஆர் தண்ணிக்குள்ள இறங்கினது? நீயோ?"

"இல்லையம்மா. ஆம்பிளையள்தான் ஏலும். ஒரு டெனிஷ்காரர்."

"கொப்பாவைத் தெரிஞ்சவரோ?"

"இல்லை."

"கொள்ளிக்கும் ஆரோ ஒருத்தன். இதுக்கும் ஆரோ ஒருத்தன்," என்றார் அம்மா. "உயிரோட இருக்கேக்க வாசலோட நிண்ட மனிசனை, செத்தாப்பிறகு இழுத்துக்கொண்டு உள்ள போயிருக்கிறாய். ஆரைக் கேட்டனி?"

அந்த வேலைக்காரியின் குறிப்பேட்டை மனதுக்குள் புரட்டினேன். தகப்பன் இருக்கிறார், தச்சர் இருக்கிறார், மாடுகள்கூடப் பெயரோடு இருக்கின்றன. தாயைப் பற்றி ஒரு வரி இல்லை. அவள் தாயும் எங்கோ ஒரு சமையலறையில் இப்படி நின்றிருப்பாள். அதை எழுதியிருந்தால் மனம் ஆறியது என்று எழுதியிருக்க முடியாது. அவள்மீது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

அடுத்த ஞாயிறு சபையிலிருந்து வந்தபோது, அம்மா மேசையில் வெள்ளைத்தாளும் பேனையும் எடுத்து வைத்திருந்தார். ஒன்பது வயதிலிருந்து கொம்யூன் என்ற நகரசபைக்கும் பள்ளிக்கும் வைத்தியருக்கும் இந்த வீட்டுக் கடிதங்களை எழுதியவள் நான்தான்.

"டெனிசில எழுது. நான் செத்தாப்பிறகு என்ர பேரை ஒருத்தரும் ஒரு இடத்திலயும் குடுக்கக்கூடாது. என்ர மகளுக்கு அதுக்கு அனுமதி இல்லை."

எழுதினேன். வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். அம்மாவுக்கு அந்த அளவு டெனிஷ் விளங்கும். ஆனாலும் தமிழிலும் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"அம்மா, உங்கட செத்தவீட்டுக்கு நான் செய்வன். சத்தியமா. எல்லாம் நானே செய்வன்."

அம்மா கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"வேண்டாம் பிள்ளை. பிரெடெரிசியாவில இருக்கிற கொண்ணை வந்து செய்யட்டும். அதையும் எழுது."

அதையும் நான்தான் எழுதினேன். அம்மா கையெழுத்து வைத்தார். சாட்சிக்கு வேறு யாரும் வீட்டில் இல்லாததால், கீழே என் பெயரையும் போட்டேன்.