வேலியில் கிள்ளிய கொழுந்து

முப்பதுகளின் நடுப்பகுதியில், ஊரெல்லாம் காய்ச்சல் பரவி ஓய்ந்த வருடத்தில், கண்டியில் கட்டுகஸ்தோட்டைப் பாதையோரம் இருந்த ஒரு வீட்டு வாசலில் இது நடந்தது. எனக்கு அப்போது ஒன்பதோ பத்தோ வயது. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது ஹுன்னஸ்கிரியப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பா இறந்த பிறகு ஆத்தா தனியாகக் கொழுந்து பறித்து என்னை வளர்த்தாள். தோட்டத்துக் கிளாக்கர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். அவருக்குக் கண்டி டவுனில் வேலை கிடைத்தபோது அவருடைய மனைவி ஆத்தாவிடம் என்னைக் கேட்டார். பிறக்கப் போகிற குழந்தையைப் பார்த்துக்கொண்டால் போதும், பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புவேன் என்றார். லயத்தில் எல்லாரும் ஆத்தாவைப் பயமுறுத்தினார்கள். டவுனுக்குப் போன பிள்ளை திரும்பாதாம், திரும்பினாலும் பழைய பிள்ளையாக வராதாம். ஆத்தா யோசித்து யோசித்து, படிப்புக்காகத்தான் அனுப்பினாள்.

கிளாக்கரம்மா சொன்னபடியே சிஸ்டர்மார் நடத்திய தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தார். லயத்தில் எனக்கு வைத்த பெயர் பள்ளிக்கூடத்துக்குச் சரிவராது என்று ஒரு புனிதையின் பெயரைக் கொடுத்தார். பேன் விழுந்ததால் முடியைக் கழுத்தளவு வெட்டினார். சட்டை, செருப்பு எல்லாம் வந்தன. நெற்றியில் பொட்டு போயிற்று. "வர்றாங்க போறாங்க" என்று நான் பேசினால் குழந்தையும் அப்படிப் பழகிவிடும் என்று திருத்தித் திருத்தி, அவருடைய பேச்சே என் வாயில் ஒட்டிக்கொண்டது. மூட்டையோடு வாசலுக்கு வருகிறவர்கள் பிள்ளை பிடிகாரர்கள், பக்கத்தில் போகாதே என்றும் சொல்லி வைத்திருந்தார்.

அந்தச் சில வருடங்களில் ஆத்தா ஒரு முறையும் வரவில்லை. தோட்டத்தில் அவ்வளவு இலகுவில் லீவு கொடுக்க மாட்டார்கள்.

ஒரு நாள் மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். மொட்டைத் தலையோடு, கன்னம் ஒட்டிப்போன ஒரு பெண் நின்றாள். கக்கத்தில் ஒரு மூட்டை. பிள்ளை பிடிகாரி என்று கதவைப் பாதி சாத்தினேன்.

"பாப்பா, கிளாக்கரம்மா இருக்காங்களா?" என்றாள்.

"ஓம், இருக்கினம். நீங்கள் ஆர்?" என்றேன்.

அதற்குள் கிளாக்கரம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பெண் என் லயத்துப் பெயரைச் சொல்லி, "எம்புள்ளயக் கூட்டிட்டுப் போக வந்தேங்க. நீங்க யாழ்ப்பாணத்துக்கே போறீங்கன்னு தோட்டத்துல பேசிக்கிறாங்க" என்றாள்.

"அப்பிடிப் பேரிலை ஒருத்தரும் இஞ்சை இல்லை" என்றார் கிளாக்கரம்மா.

பொய் சொல்லவில்லை, அந்தப் பெயர் அவருக்கு உண்மையாகவே மறந்துபோயிருந்தது. எனக்கு மறக்கவில்லை. என் பெயரை அந்த வாயிலிருந்து கேட்டதும் அவளை உற்றுப் பார்த்தேன். ஆனால் என் ஆத்தாவுக்குக் கொண்டை கையில் அடங்காது. குரல் கணீரென்று இருக்கும். இந்தக் குரலோ கம்மிப்போயிருந்தது. யாரோ என் பெயரைத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து, கிளாக்கரம்மாவின் பின்னால் ஒதுங்கி, "அம்மா, எனக்குப் பயமாய் இருக்கு" என்றேன்.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. "ஓ, இவளின்ரை பழைய பேரெல்லோ அது! இந்தா நிக்கிறாள், பாரும்."

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். முகம் கறுத்துப் போயிற்று. "இவங்களா? ஏன் கிளாக்கரம்மா, ஏழைன்னா கண்ணு கூடவா இருக்காது? இந்தப் பாப்பா உங்களத்தான அம்மாங்குது! எம்புள்ளய எங்க வச்சிருக்கீங்க? காச்சல்ல செத்துப் போச்சா? சொல்லிருங்க!"

"உமக்கென்ன விசரோ? நீர்தான் தாயெண்டு நான் எப்பிடி நம்புறது? அந்த மனுசிக்கு எவ்வளவு தலைமயிர்!" என்ற கிளாக்கரம்மா என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, வடிவாய்ப் பார். இது உன்ரை தாயோ?"

பார்த்தேன். கண் மட்டும் எங்கேயோ பார்த்த கண் போல இருந்தது. "தெரியேல்லை" என்றேன்.

"கேட்டீங்களா பேச்ச? எங்க லயத்துல எந்தப் புள்ள இப்புடிப் பேசும்?" என்று அந்தப் பெண் வாயில் சேலையை வைத்துக்கொண்டாள். அவளுடைய பார்வை விறாந்தையில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்த பெட்டிகள் மேல் விழுந்தது. பார்த்துவிட்டாள். அடுத்த நாள் நாங்கள் ரயில் ஏறப் போவது நிசம்தான்.

"எங்கடை அவர் பின்னேரம் வருவார். அதுக்குள்ளை தோட்டத்திலையிருந்து கங்காணியைக் கூட்டிக்கொண்டு வாரும். ஆள் ஆரெண்டு தெரியாமல் பிள்ளையைத் தர ஏலாது" என்றார் கிளாக்கரம்மா.

"நான் போயிட்டு வர்றதுக்குள்ள நீங்க ரயிலேறிருவீங்க. எம்புள்ளயக் காட்டாம நான் நகர மாட்டேன்" என்று அவள் வேலிப் படலைக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கதிரையைப் போட்டு உட்காரச் சொன்னதற்கும் கேட்கவில்லை. கொடுத்த தேத்தண்ணீரையும் தொடவில்லை. அதில் என்ன கலந்திருக்குமோ என்று நினைத்தாளோ என்னவோ.

எனக்கு உள்ளே இருக்கவும் முடியவில்லை, கிட்டப் போகவும் முடியவில்லை. முற்றத்தில் வேலியோரம் போய் நின்றேன். அது கத்தரித்து விட்ட வேலி, புதுத் தளிர் விட்டிருந்தது. கலக்கம் வந்தால் என் கை சும்மா இராது. நான் பாட்டுக்கு இரண்டு கையாலும் தளிரைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் போட்டேன். மறுபடி கிள்ளினேன், மறுபடி போட்டேன்.

"ஏய், முத்தலக் கிள்ளாதடி! கங்காணி பாத்தா கூடையக் கொட்டிப்புடுவான்!"

படலைப் பக்கமிருந்து அந்த அதட்டல் கணீரென்று வந்தது. "முத்தல் இல்ல ஆத்தா, தளிருதான்!" என்று கத்தினேன்.

நான் பேசியது லயத்துப் பேச்சு என்று எனக்கே அப்போதுதான் கேட்டது. அவள் என் பின்னால் தரையைப் பார்த்தாள். இல்லாத கூடைக்குள் நான் போட்ட தளிரெல்லாம் அங்கே கிடந்தது. நடக்கத் தெரிந்த நாள் முதல் அவளோடு மலைக்குப் போய், அவளுடைய கூடைக்குக் கிள்ளிப் போட்டுப் பழகிய கை அது. எழும்பி வந்து என் கையைப் பிடித்தவள் விடவில்லை. தலையைத் தடவிக் காட்டி, "காச்சல்ல நீ போயிரக் கூடாதுன்னு மாரியாத்தாளுக்கு முடி குடுத்தேன்டி" என்றாள். அவளையும் காய்ச்சல் உருக்கியிருந்தது.

"நான் இவ்வளவு நேரம் கேக்க வாய் திறக்கேல்லை, இலைக்கு மட்டும் ரெண்டு பேரும் வாய் திறக்கிறியள்" என்றார் கிளாக்கரம்மா. சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை.

ஆத்தா மூட்டையை அவிழ்த்தாள். எனக்காகத் தைத்துக் கொண்டுவந்த பாவாடை. நான் லயத்தை விட்டுப் போன நாளின் அளவு. இடுப்பிலும் ஏறவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் டவுன் சட்டையோடுதான் என்னைக் கூட்டிப் போனாள். சிலேட்டை என் கையில் கொடுத்து, "படிப்பை விட்டிடாதை" என்றார் கிளாக்கரம்மா. யாழ்ப்பாணம் போவதாகக் கங்காணியிடம் ஆத்தாவுக்குச் சொல்லி அனுப்பினேன் என்றார். எதுவும் வரவில்லை என்றாள் ஆத்தா. யார் சொன்னது உண்மையென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தெல்தெனிய வழியாகப் போகும் பஸ்ஸில் ஆத்தா அடிக்கடி என் முகத்தைத் திருப்பி, "ஏதாச்சும் பேசுடி" என்றாள். வாயைத் திறந்தால் எந்தப் பேச்சு வருமோ என்று பயந்து, நான் வழி முழுக்கப் பேசவேயில்லை. லயத்துப் பிள்ளைகள் வெகு நாள் என்னை "யாழ்ப்பாணத்தம்மா" என்று கேலி செய்தார்கள். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவதுக்கு மேல் வகுப்பு இல்லை. மறுபடி கூடையை எடுத்தேன்.

இந்த வயதிலும் யாராவது "நீங்க எந்த ஊர்? பேச்சு ஒரு மாதிரி இருக்கே" என்று கேட்டால் எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிடும். பதில் சொல்லாமல், என் ஆத்தா என்னை அடையாளம் கண்ட இந்த இரண்டு கையையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.