கோழித்தோலில் ஒரு முடிச்சு

போன புதன்கிழமை விடியற்காலை என் மனைவியைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போனது. அன்று மாலையே அவளுக்கு இங்கிலாந்து போகும் வாய்ப்புக் கிடைத்துவிட்டது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்த புருஷன் நான். படபடப்பு இன்னும் அடங்கவில்லை… அதனால் இந்த வாரம் கொஞ்சம் வேகமாகத்தான் எழுதுவேன்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காக: என் மனைவி சுகந்தி மருத்துவ பீடத்தில் விரிவுரையாளர். சத்திரசிகிச்சை நிபுணராகப் பயிற்சி பெறுகிறவள். காலையில் மாணவர்களுக்குப் பாடம், பிறகு வார்டு, அதன் பிறகு தியேட்டர் – படம் பார்க்கும் தியேட்டர் அல்ல. அவளுடைய பிரிவில் பெண் இவள் ஒருத்திதான். "கண் வைத்தியம் படியுமன், நேரத்துக்கு வீட்ட போகலாம்" என்று புத்தி சொல்லாத பெரியவர் எங்கள் வெள்ளவத்தையில் இல்லை.

இப்போதெல்லாம் வயிற்றைப் பெரிதாக வெட்டாமல், சின்னச் சின்னத் துளை போட்டு, உள்ளே கமராவை விட்டு, டிவியைப் பார்த்தபடியே பித்தப்பையை எடுத்துவிடுகிறார்கள். அதைப் படித்து வர ஒருவரை இங்கிலாந்துக்கு அனுப்பப் போவதாகப் பீடத்தில் அறிவித்தார்கள். போட்டியில் நான்கு பேர். அங்கிருந்து வரும் நிபுணர் முன்னால், டிவியைப் பார்த்தபடி ஊசி குத்தி முடிச்சுப் போட்டுக் காட்ட வேண்டும்.

ஆனால் பழகுவது எங்கே? ஆஸ்பத்திரியில் இருப்பது ஒரே ஒரு கருவி. இளையவர்கள் கமராவைப் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

சுகந்தி என்ன செய்தாள் தெரியுமா? என் காலுக்கு வாங்கிய சப்பாத்தின் அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டாள். கொட்டாஞ்சேனையில் கல்யாண வீடியோ எடுக்கும் என் நண்பரிடம் பழைய கமரா ஒன்றை இரவல் வாங்குவித்தாள். அதைப் பெட்டியில் பொருத்தி, வயரை எங்கள் டிவியில் செருகினாள். தியேட்டரில் கழித்துவிட்ட நீளக் கருவிகள் இரண்டைக் கேட்டு வாங்கி வந்தாள். பெட்டிக்குள்ளே, நோயாளிக்குப் பதிலாகக் கோழித்தோல். தோல் அவளுக்கு, இறைச்சி எனக்கு. மாதக்கணக்காக எங்கள் வீட்டில் கோழிக்கறிதான்!

பொல்லாத வேலை அது. கையை வலப்பக்கம் கொண்டுபோனால் டிவியில் முனை இடப்பக்கம் போகும். ஊசி கிட்ட இருக்கிறதா தூர இருக்கிறதா என்றே தெரியாது. முதல் வாரம் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் விடவில்லை.

தெரிவு, புதன்கிழமை காலை பத்து மணிக்கு. அன்று விடியும்போதே எங்கள் ஒழுங்கையை, அந்தச் சின்னத் தெரு முழுவதையும், பொலிசார் சுற்றிவளைத்துவிட்டார்கள். வெள்ளவத்தைத் தமிழருக்குத் தேடுதல் புதிதா என்ன? அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாவற்றையும் எடுத்து நீட்டினேன். வந்த அதிகாரி அவற்றைப் பார்க்கவே இல்லை. அவர் கண் மேசையில் நின்றது.

ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு வயர்.

தமிழர் வீட்டில்… கொழும்பில்… குண்டு வெடிக்கிற இந்தக் காலத்தில்.

"மேக்க மொகக்த?" – இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். பின்னால் நின்றவர் துவக்கை உயர்த்திக் குறி பார்த்தார். நான் இரண்டு கையையும் உயர்த்தினேன். சுகந்திதான், தான் டாக்டர் என்றும் இது பழகுகிற பெட்டி என்றும் சிங்களத்தில் சொன்னாள். அவளையே திறந்து காட்டச் சொன்னார்கள். திறந்தாள். கோழித்தோலைப் பார்த்த பிறகு அவர்களுடைய சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. பெட்டி, கமரா எல்லாவற்றோடும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

ஜீப்பில் ஏறும்போது என் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, பேராசிரியருக்குப் போன் பண்ணுங்கோ. நான் வருவன், என்ர பேரை வெட்ட வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

பொலிஸ் பிடித்துக்கொண்டு போகிறது… இவளுக்கு அந்தக் கவலை!

போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. ஸ்டேஷனுக்கு ஓடினேன். எங்களை உள்ளே கூப்பிடவே ஒன்பது மணி தாண்டிவிட்டது. பொறுப்பதிகாரியின் அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவில் மேட்ச், நமது அணி துடுப்பெடுத்தாடுகிறது. அவர் சுகந்தியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் செய்து காட்டுங்கள் என்றார். மேட்ச்சை நிறுத்திவிட்டுக் கமரா வயரைச் செருகினார்கள். சுற்றி நின்ற கான்ஸ்டபிள்களின் முகத்தைப் பார்த்தேன். வேறெந்தக் குற்றத்தையும் அவர்கள் மன்னித்திருப்பார்கள்.

அவள் கருவிகளைப் பெட்டிக்குள் விட்டாள். ஊசி வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. கண்ணை மூடி ஒரு நீண்ட மூச்சு விட்டாள். பிறகு ஊசி தோலுக்குள் இறங்கி மறுபக்கம் எழும்பியது. நூல் வளைந்தது, சுற்றியது, இறுகியது. முடிச்சு!

பொறுப்பதிகாரி இன்னொன்று கேட்டார். அதுவும் அழகாக விழுந்தது. பிறகு தானே கருவிகளை வாங்கி முயன்றார். தோல் கிழிந்ததுதான் மிச்சம். யாரோ சிரிக்க, அவரும் சிரித்துவிட்டார். அப்போதுதான் சுகந்தி பத்து மணிக் கதையைச் சொன்னாள். நேரமோ பத்தை நெருங்கிவிட்டது. இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று அவர் கோபித்துக்கொண்டு, ஒரு கான்ஸ்டபிளையும் எங்களோடு ஓட்டோவில் ஏற்றிவிட்டார்.

பம்பலப்பிட்டி தாண்டிப் பறந்தோம். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் கான்ஸ்டபிள் தலையை வெளியே நீட்ட, தடை விலகிக்கொண்டே வந்தது. கொழும்பு – காலி வீதியில் சோதனைக்கென்று நான் எங்கும் இறங்காமல் போனது அன்றுதான்!

பீடத்தில் மற்ற மூவரும் முடித்துவிட்டார்கள். பேராசிரியர் சிங்களவர். நேரம் தவறினால் எரிந்து விழுவார். இவ்வளவு நேரமும் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார்.

"பொலிஸ் ஸ்டேஷனில் சேர். பழகிக்கொண்டிருந்தேன்" என்றாள் சுகந்தி.

வந்த நிபுணர், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, தொடங்கச் சொன்னார். நான் கதவடியில் நின்றேன். துவக்குகளுக்கு முன்னால் முடிச்சுப் போட்டவளுக்கு ஒரு நிபுணர் எம்மாத்திரம்? கை ஆடவே இல்லை. பாதியில் நிபுணர் கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டுக்கொண்டார். மாலையில் பெயர் சொன்னார்கள் – சுகந்தி!

அன்று தொடங்கி வீடு நிறைய ஆட்கள். வாழ்த்துச் சொல்லி முடித்ததும் எல்லோரும் குரலைத் தாழ்த்தி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: போனால் திரும்பி வருவாளா? பெட்டி கட்டும் தமிழர் திரும்பி வரமாட்டார் என்பது இந்த ஊரில் எழுதாத சட்டமாகிவிட்டது. அவளிடமே கேட்டுவிட்டேன்.

"வராமல்? எனக்குப் பின்னால வாற பிள்ளையளுக்கு ஆர் பழக்கிறது? எல்லாரும் பொலிசுக்குப் போகேலுமே?"

பாமன்கடையில் இருக்கிற மாமாவுக்கு மட்டும் வேறு கவலை. ஒரு பெண்பிள்ளையை எப்படித் தனியே அனுப்புகிறாய் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

அனுப்புவதற்கும் மறிப்பதற்கும் நான் என்ன, சோதனைச் சாவடியா?